ஆமென் சொல்லாத ஆள்

ஷார்ஜா முவைலாவில் ஏசி ரூமில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் சைட்டுக்குப் போகிற தம்பிகளே, போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது ஒரு காட்சி கண்டேன். காலையில் வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் நின்று அன்றைய தூக்குவேலையைச் சொன்னார். முடித்ததும், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்!" என்று ஒரே குரல். ஒரு தாள் சுற்றி வந்தது, கையெழுத்து விழுந்தது, யல்லா, போகலாம் என்று கிளம்பிவிட்டீர்கள். அந்த ஒரே குரலைக் கேட்டதும் எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. "என்னங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். அதற்குள் பஸ்ஸில் ஹாரன் அடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவனில்லை. மன்னார்குடிப் பள்ளிக்கூடத்தோடு சரி. எழுபதுகளில் ஷார்ஜாவுக்கு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆளாக வந்தேன். சுமை கட்டுகிற ஸ்லிங்கையும் அதைக் கொக்கியில் மாட்டுகிற ஷாக்கிளையும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அவை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ரிக்கிங் சூப்பர்வைசர் ஆனேன். ரிக்கிங் என்றால் சுமையைக் கட்டி, கிரேனில் தூக்கி, சேரவேண்டிய இடத்தில் இறக்கி வைக்கிற வேலை. உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் திண்டாடக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன். அங்கிருந்து நான் கொண்டுவந்த பெரிய சொத்து, கூட வேலை பார்த்தவர்கள் வாயிலிருந்து விழுந்த வார்த்தைகள்தான். இதிலும் அவர்கள் பேச்சுதான் அதிகம் வரும்.

அப்போது கடற்கரை ஓரத்தில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். என் கேங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர்கள், கத்தோலிக்கர்கள். வள்ளத்தில் கயிறு பிடித்து வளர்ந்த கைகள். மற்ற கேங்கில் ஒரு முடிச்சைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் ஆகும். இவர்களிடம் நான்தான் முடிச்சுக் கற்றுக்கொண்டேன்.

கேம்ப்பில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே ரூம். மற்ற ரூம்களில் சாயங்காலமானால் டேப்ரிகார்டர் பாட்டு, சீட்டுக்கட்டு, ஊர்ச்சண்டை. இவர்கள் ரூமில் குளித்து, சோறு பொங்கி, குழம்பை இறக்கியதும், எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு கேட்கும். அவ்வளவுதான், பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ஒருவர் வேதத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பார். அதைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவார்கள். அடுத்து, வேதம் இருந்த அதே இடத்தில் மறுநாள் வேலையின் படம் விரியும். எந்தச் சுமை, எங்கே கட்டுவது, யார் எங்கே நிற்பது என்று எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுவார். கடைசியில் செபமாலை. அது முடிந்தால்தான் சோறு.

என்னை அங்கே இழுத்தது மீன்குழம்பு வாசனை. பொய் சொல்வானேன்? எட்டிப் பார்த்தவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இங்கிலீஷ் படத்தை ஓரளவு வாசிப்பேன் என்று தெரிந்ததும், படிப்பு நேரம் என் பொறுப்பாகிவிட்டது. செபமாலை நேரத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அந்த ரூமில் லூர்து என்று ஒரு குறும்பன். என் நெற்றியைப் பார்த்து, "சார்வாள், வெள்ளையடிச்சது வேர்வையில கரைஞ்சுட்டு பாத்தியளா? நாளைக்கு ரெண்டு கோட்டா அடிச்சிட்டு வாங்க" என்பான். கோபமே வராது. அடுத்த நாள் மறந்து திருநீறு பூசாமல் போனால், "என்ன சார், சாமிக்கு லீவா?" என்று கவலையாகக் கேட்பவனும் அவன்தான்.

அந்த வட்டத்தைத் தொடங்கியவர் சூசையண்ணன். கேங்குக்கு மூத்தவர். ஊரில் பிரதர்மார் வாழ்ந்த ஒரு மடத்தில் கொஞ்ச காலம் தச்சு வேலை பார்த்தவர். "அங்க ஒரு மணி அடிச்சா எல்லாரும் தோட்டத்துக்குப் போவாவ. அடுத்த மணிக்குப் புஸ்தகம். அடுத்த மணிக்குக் கோயிலு. நான் முதல்ல நினைச்சேன், மூணு மணி தொங்குது போலன்னு. ஏறிப் பாத்தா ஒரே மணிதான் சார்" என்று ஒருநாள் சொன்னார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த எவர்சில்வர் தட்டுதான் அந்த மணி என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

காலையில் சைட்டில் வேலை தொடங்கும்போது நான் திட்டத்தை ஒருமுறை சொல்வேன். கடைசியில், "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்!" என்று கோயிலில் பாட்டுக்காரர்கள் பாடுவதுபோல ஒரே சுருதியில் பதில் வரும். மற்ற கேங்குகளில் ஒருவன் முனகுவான், ஒருவன் கொட்டாவி விடுவான். எங்கள் மேனேஜருக்கு இந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். அவர் லெபனான்காரர், வாய் கொஞ்சம் பெரிது, மனசு மோசமில்லை. யாராவது பார்வையிட வந்தால் எங்கள் பக்கம் கூட்டிவந்து அந்தப் பதிலைக் கேட்கவைப்பார்.

ஒருநாள் ஒரு கட்டுக் குழாயைத் தூக்கினோம். சுமை சுற்றாமல் இருக்க அதில் ஒரு கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்திருப்பார். அன்றைக்குப் பிடித்தவன் இன்னாசி. நல்ல வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான், என் வயது. சாரம் தாண்டும்வரை கயிற்றை விடக் கூடாது என்பது திட்டம். இன்னாசி சாரத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டான். குழாய்க்கட்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, சாரத்தின் முனையில் மோதியது. பலகைகள் சரிந்தன. ஒரு பலகை சூசையண்ணன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. கிரேன் ஓட்டுகிற கான் பாய், பெஷாவர்க்காரர், கேபினிலிருந்து இறங்கி வந்து அண்ணன் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல இரண்டு கையையும் ஏந்தினார். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் தட்டு தட்டினார்கள். வட்டம் கூடியது. சூசையண்ணன் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாசி, காலைல சார் சொன்னது உனக்கு விளங்கிச்சா?"

"இல்லண்ணே. பக்கத்துல கம்ப்ரசர் ஓடிச்சு. பாதி கேக்கல."

"பின்ன ஏம்ல புரிஞ்சுதுன்னு சொன்ன?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரும் சொன்னாவ. வாய் தானா சொல்லிட்டுண்ணே. மாதா பிரார்த்தனையில 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லுவோம்லா, அது மாதிரி."

பிறகு லூர்துதான் முதலில் சிரித்தான். "மக்கா, எனக்கும் கேக்கல. நானும்தான் சத்தமா சொன்னேன்" என்றான். இன்னொருவர் கை தூக்கினார். அப்புறம் இன்னொருவர். கடைசியில் பார்த்தால், அன்று காலை முழுசாகக் கேட்டவர்கள் பாதிப்பேர்தான்.

தம்பிகளே, இந்தத் தப்பு உங்களுக்கும் எனக்கும் வராது என்றில்லை. பிறந்ததிலிருந்து கோயிலில் ஒருவர் சொல்ல, ஊரே ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு அது இன்னும் எளிதாக வரும். அழகான பழக்கம். அந்தக் குரலுக்குள் போய்விட்டால் தனியாள் என்று ஒருவன் இருக்கமாட்டான். செபத்துக்கு அது பலம். ஆனால் தலைக்கு மேல் சுமை தொங்கும்போது, ஒவ்வொருவனும் தனியாளாகத்தான் நிற்கிறான்.

நான் பார்த்த பெரிய படிப்பாளிகள் பலர் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? இன்னாசியைத் திட்டுவார்கள், அல்லது கம்ப்ரசரைத் திட்டுவார்கள். சூசையண்ணன் அந்த இரண்டையும் செய்யவில்லை. "பழக்கத்த விட முடியாது. அதுக்கு வேற வேல குடுப்போம்" என்றார். பேசிப் பேசி அன்றைக்கே ஒரு முறை வகுத்தார்கள். செபத்தில் எல்லாரும் ஒன்றாகச் சொல்வது அப்படியே இருக்கட்டும். காலையில் திட்டத்துக்கு மட்டும் ஒன்றாகப் பதில் கூடாது. ஒவ்வொருவரும் தான் எங்கே நிற்கிறோம், என்ன செய்கிறோம் என்பதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். பக்கத்து ஆளின் வேலையையும் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். சொல்லி முடித்து, மனசு நிறைந்தால், அவர் மட்டும் தனியாக 'ஆமென்' சொல்லவேண்டும். நிறையாவிட்டால் 'தெளியல' என்று சொல்லவேண்டும். எல்லாரும் ஆமென் சொல்லும்வரை கொக்கி மேலே போகாது.

"தெளியலன்னு சொல்ல வெக்கமா இருக்குமே" என்றார் ஒருவர்.

"அப்ப ஒண்ணு செய்வோம். தெளியலன்னு சொன்னவனுக்கு அன்னைக்குப் பாத்திரம் கழுவுத வேல கெடையாது" என்றார் அண்ணன்.

அடுத்த நாளிலிருந்து லூர்துவுக்கு எதுவுமே தெளியவில்லை. ஆறாம் வகுப்புப் பையனுக்கு விளங்குகிற வேலையைக்கூட, "எனக்கு என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்பான். அவனுக்கு மறுபடி மறுபடி சொன்னதில் மற்றவர்களுக்குத் திட்டம் மனப்பாடமாகிவிட்டது என்பது வேறு விஷயம். "என்னாலதான்வே நீங்க எல்லாரும் இஞ்சினியர் ஆயிட்டு வாரிய" என்று பெருமை வேறு.

கான் பாய்க்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. கேபினில் ஏறுவதற்கு முன் வட்டத்தின் ஓரமாக வந்து நிற்பார். தன் வேலையை உருதுவில் சொல்லி, 'ஆமீன்' என்பார். என் முறை வரும்போது நான், 'சிவசிவா' என்பேன். "அது ட்ரான்ஸ்லேஷன், செல்லும்" என்று லூர்து அனுமதி கொடுப்பான். மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. முன்பு ஒரு நொடியில் வந்த பதில் இப்போது நேரம் எடுக்கிறதே. "இது சைட்டா, சர்ச்சா?" என்று தூரத்தில் நின்று கத்துவார். சத்தம் போடுவாரே தவிர, தடுக்கவில்லை. எங்கள் கேங்கில் அதற்குப்பிறகு யாருக்கும் அடி படவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்லவந்த நாளுக்கு வருகிறேன்.

கடல் தண்ணீரைக் காய்ச்சுவதற்கான பெரிய இரும்புக் கலம் கப்பலில் வந்து இறங்கியது. ஒரு வீட்டை அப்படியே தூக்கி வைப்பதுபோல அதைத் தூக்கி, பாதி கட்டிய உயரச் சுவருக்கு மேலே கொண்டுபோய், அந்தப் பக்கம் இறக்கவேண்டும். அதற்கென்றே ஒரு பெரிய கிரேன் அபுதாபியிலிருந்து வந்திருந்தது, அதையும் கான் பாய்தான் ஓட்டவேண்டும். கிரேன் சாயங்காலமே திரும்பிப் போகவேண்டும். மத்தியானத்துக்கு மேல் ஷமால் என்கிற பலத்த வடகாற்று எழும். அரசாங்கத்திலிருந்து பெரிய மனிதர்கள் வேறு பார்க்க வருகிறார்கள். "இந்த லிஃப்ட் அன்னிக்கு எவன் வரலையோ, எவன் தகராறு பண்றானோ, அவன் விசா கலாஸ், முடிஞ்சுது" என்று மேனேஜர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அந்த மாதம்தான் இன்னாசியின் காண்ட்ராக்ட் முடிந்து புதுப்பிக்கவேண்டிய மாதம்.

சுமை சுவரைத் தாண்டி இறங்கும்போது கேபினில் இருக்கிற கான் பாய்க்கு அது கண்ணில் படாது. சுவர் மூலையில் ஒருவன் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கையால் சைகை காட்டவேண்டும். அவன் கைதான் கான் பாய்க்குக் கண். சுவருக்கு அந்தப் பக்கம் சூசையண்ணனும் இன்னும் சிலரும் கலத்தை இடத்தில் பொருத்தக் காத்திருப்பார்கள். மூலையில் நிற்பவன் ஒரு கணம் தவறினால் அவர்கள் நசுங்கிப்போவார்கள். அந்த இடத்துக்கு இன்னாசியைத்தான் போட்டிருந்தோம். குழாய்க்கட்டு மோதிய நாளுக்குப் பிறகு அவனைப்போல எச்சரிக்கையான ஆள் கேங்கில் வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை. வட்டமாக நின்றோம். ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஆமென், ஆமென் என்று ஒவ்வொரு குரலாக வந்தது. லூர்துகூட அன்று தெளிவாக இருந்தான். கான் பாய் ஆமீன் சொல்லிவிட்டுப் போய்க் கேபினில் ஏறி எஞ்சினைப் போட்டார். இன்னாசியின் முறை. சுவர் மூலையில் எங்கே நிற்பான், எந்தக் கையை எப்போது தூக்குவான் என்று ஒரு பிசகு இல்லாமல் சொன்னான். சொல்லி நிறுத்தினான்.

ஆமென் வரவில்லை.

காத்திருந்தோம். பின்னால் காரிலிருந்து பெரிய மனிதர்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. மேனேஜர், "யல்லா, யல்லா! க்யா ஹுவா, என்ன ஆச்சு?" என்று வேகமாக நடந்து வந்தார்.

"தெளியல" என்றான் இன்னாசி.

"எதுல தெளியல? சரியாத்தான சொன்ன?" என்றேன் நான்.

"வேல தெளிஞ்சுட்டு சார். மனசு தெளியல."

பிறகு மெல்லச் சொன்னான். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அப்போதெல்லாம் அங்கே வெள்ளிதானே விடுமுறை. அதனால் அவர்களுக்கு ஞாயிற்றுப் பூசையும் வெள்ளியில்தான். லாரியில் ஏறி எல்லாரும் துபாய்க்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். அங்கே ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் இன்னாசியை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கடலுக்குப் போன அவன் தம்பியின் வள்ளம் கரை திரும்பவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏம்ல ரூம்ல சொல்லல?" என்று சூசையண்ணன் கேட்டார்.

"சொன்னா உங்க எல்லாருக்கும் மனசு கலங்கும்லாண்ணே. அத்தன பேரும் நாளைக்குச் சொமைக்கு அடியில நிக்கணுமேன்னு பாத்தேன். நான் ஒருத்தன் சமாளிச்சுக்கிடுவேன்னு நினைச்சேன். இங்க வந்து நின்னா, அந்தக் கலம் என் கண்ணுக்கு வள்ளமாத் தெரியுது."

அவன் என்ன செய்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். தம்பி இல்லையென்றால் இரண்டு குடும்பமும் அவன் ஒருவன் கையை நம்பி நிற்கிறது. விசா போகும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதே மேனேஜர் நாலடி தள்ளி நிற்கிறார். வாயைத் திறந்து ஆமென் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேலை அவனுடையது. ஒரு காலத்தில் கூட்டத்தோடு சேர்ந்து, கேட்காமலே 'புரிஞ்சுது' என்று சொன்ன அதே ஆள், அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே நிறுத்தினான். சுமந்து திரிந்தவர்களில் அவ்வளவு பாரத்தைத் தாங்கியவனை நான் கண்டதில்லை.

மேனேஜருக்கு நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது. ஆனால் காற்று, கிரேன், பெரிய மனிதர்கள்! "சரி, வேற ஆளைப் போடு. தூக்கு" என்றார்.

அது சரியான யோசனைபோலத்தான் இருந்தது. மூலை வேலை எல்லாருக்குமே தெரியும். சேர்ந்து படித்ததன் பலன் அது. ஒருவர் வேலை ஒருவருக்கு மறைவில்லை. ஆளை மாற்றிவிட்டுக் கொக்கியை மேலே ஏற்றச் சொல்ல என் வாய் திறந்தது. அப்போதுதான் வட்டத்தில் நின்ற முகங்களைப் பார்த்தேன். இன்னாசியின் தம்பி அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவன். அவனோடு ஒரே வள்ளத்தில் போனவர்கள் இருந்தார்கள். சற்று முன்னால் அவர்கள் சொன்ன ஆமென் இந்தச் செய்தி தெரியாதபோது சொன்ன ஆமென். அது இப்போது செல்லாது.

"முதல்லேருந்து சொல்லணும் சார். எல்லாரும்" என்றேன்.

"காற்று வருது! நீயும் இவனோட ஃப்ளைட் ஏறப் போறியா?" என்று மேனேஜர் கத்தினார்.

அப்போது கிரேனின் எஞ்சின் சத்தம் நின்றது. கான் பாய் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். "சப் போலேகா, தப் உட்டேகா" என்றார். எல்லாரும் சொன்னால்தான் சுமை எழும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு வட்டத்தில் தன் இடத்தில் போய் நின்றார்.

மேனேஜர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கையை உதறிவிட்டுத் திரும்பி, பெரிய மனிதர்களிடம் போய்ச் சிரித்த முகமாக ஏதோ சொன்னார். அவர்களை டீ சாப்பிட அலுவலகக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்த டீயை நான் மறக்கமாட்டேன். கத்திக்கொண்டே நமக்கு நேரம் வாங்கிக் கொடுத்த மனிதர் அவர்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஒருவர், "என்னால இன்னைக்குச் சுவருக்கு அந்தாப்புல நிக்க முடியாதுண்ணே, கயிறு பிடிக்கேன்" என்று இடம் மாறிக்கொண்டார். மூலைக்கு யார் என்றபோது லூர்து கையைத் தூக்கினான். எங்கே நிற்பது, எப்படிக் காட்டுவது என்று கோமாளித்தனம் ஒன்றுமில்லாமல் சொன்னான். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. இன்னைக்குப் பாத்திரமும் நானே கழுவுதேன். ஆமென்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் எல்லார் மூச்சும் கொஞ்சம் இறங்கியது.

இன்னாசி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். "நான் ரூமுக்குப் போயிரட்டுமாண்ணே?" என்றான். சூசையண்ணன் அவன் தோளில் கைவைத்து, லாரி நிழலைக் காட்டினார்.

"படிச்சது எல்லாரும் படிச்சாச்சு. வேலய நாங்க பாக்கோம். மூணாவது மணி ஒண்ணு பாக்கி இருக்குல்லா, அது இன்னைக்கு உன் ட்யூட்டி. உன் தம்பிக்கும் வேண்டிக்கோ, எங்களுக்கும் வேண்டிக்கோ. என்ன சார், இவனுக்கு ஹாஜர், சம்பளம் உண்டா?"

"உண்டு" என்றேன்.

"அப்ப உன் வேலயச் சொல்லு" என்றார் அண்ணன்.

இன்னாசி, "நான் லாரி நிழல்ல இருந்து செபம் சொல்லுவேன். கலம் தரையில உக்காருத வரைக்கும் எந்திரிக்கமாட்டேன்" என்றான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "ஆமென்."

கான் பாய் போய் எஞ்சினைப் போட்டார்.

தூக்கியதை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை; நீங்கள் இதைவிடப் பெரிய சுமையெல்லாம் தூக்குகிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுவரைத் தாண்டி இறங்கும்போது காற்றின் முதல் வீச்சு வந்துவிட்டது. கலம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. கேபினிலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் தலைமேல் வந்திருக்கும். மூலையில் லூர்துவின் முஷ்டி மேலே போனது. நிறுத்து என்று அர்த்தம். கான் பாய் அந்த நொடியே நிறுத்தினார். கயிறு பிடித்தவர்கள் இழுத்து நேராக்கும்வரை முஷ்டி இறங்கவில்லை. பிறகு விரலைக் கீழே காட்டினான். கலம் போய் உட்கார்ந்தது. கடலை நினைத்துக்கொண்டு நிற்கிற ஒருவனால் அந்த முஷ்டியை அந்த நொடியில் தூக்கியிருக்க முடியாது. அதை இன்னாசியே எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டானே.

அன்று சாயங்காலம் தட்டு மூன்று முறை ஒலித்தது. வேதம் வாசித்தார்கள், படம் விரித்தார்கள், இன்னாசியின் தம்பிக்காகச் செபமாலை சொன்னார்கள். சாப்பிட்டு முடித்ததும் லூர்து சொன்ன சொல் தவறாமல் பாத்திரங்களை அள்ளினான். இன்னாசி போய் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "ஏல, உனக்குத்தான் இன்னைக்கு வேல கெடையாதே" என்றான் லூர்து. "வச்சுட்டுப் போ" என்றான் இன்னாசி. எல்லாருடைய தட்டையும், சட்டி அடிகூட விடாமல், வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் எங்கள் வட்டத்துக்கு வந்தார். கையில் இன்னாசியின் பாஸ்போர்ட். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் ஆபீஸில்தான் இருக்கும். லீவு கிடைத்தால்தான் கைக்கு வரும். "ஊருக்குப் போ. தம்பியைத் தேடு. உன் இடம் இங்கே இருக்கும்" என்றார். கொடுத்துவிட்டுத் திரும்பியவரைச் சூசையண்ணன் விடவில்லை.

"சார், வட்டத்துக்குள்ள கால் வச்சாச்சு. உங்க வேலயச் சொல்லாமப் போவக் கூடாது."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். மேனேஜர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "என் வேலை, கத்தாமல் இருப்பது" என்றார் இந்தியில். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆமென்" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். அடுத்த வாரம் பழையபடி ஆகிவிட்டது.

இன்னாசியின் தம்பி கிடைக்கவில்லை. லீவு முடிந்து இன்னாசி திரும்பி வந்தபோது முகம் கறுத்து, ஆள் பாதியாக இருந்தான். முதல் நாள் காலை வட்டத்தில் தன் வேலையைச் சொன்னான்; "தெளியல" என்று முடித்தான். சரி என்று ஸ்லிங் துடைக்கிற வேலைக்கு அனுப்பினோம். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாட்களும் அப்படித்தான். மேனேஜர் தூரத்தில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சாயங்காலம் பாத்திரத்துக்கு அவன் பெயர் வராது. ஆனால் அவன்தான் கழுவினான். ஒருவரும், "இன்னும் எத்தன நாள்?" என்று கேட்கவில்லை. லூர்துகூடக் கேட்கவில்லை.

தம்பிகளே, நம் வேலையில் சுமையின் எடையைச் சொல்ல அட்டவணை இருக்கிறது. மனிதனின் எடையை அவனவன் வாயால்தான் சொல்லவேண்டும். அதைச் சொல்லுகிற தைரியம் ஒருவனுக்குத் தனியாக வராது. சொன்னால் வேலை போகாது, சிரிக்கமாட்டார்கள் என்று சுற்றி நிற்கிறவர்கள் நாள்தோறும் காட்டியிருக்கவேண்டும். அந்த ரூமில் வேதமும் படமும் செபமாலையும் ஒரே பாயில் கிடந்ததால் அது முடிந்தது. நான் அவர்கள் மதத்துக்காரன் இல்லை. ஆனால் புரிஞ்சுதா என்று இன்னொரு தடவை நான் எந்தக் கூட்டத்தையும் கேட்டதில்லை. ஆள் ஆளாகத்தான் கேட்டேன்.

ஒருநாள் காலை, பெரிய வேலை ஒன்றுமில்லை, சாதாரண இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கவேண்டும். வட்டம் சுற்றி வந்தது. இன்னாசி கயிறு பிடிக்கிற வேலையைச் சொன்னான். சாரம் தாண்டும்வரை விடமாட்டேன் என்றான். நிறுத்தினான். ஸ்லிங் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுக்க நான் கை நீட்டியிருந்தேன். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமென்" என்றான் இன்னாசி.

கான் பாய் போய் எஞ்சினைப் போட்டார்.